ஒரு ஃப்ரிட்ஜின் ஆய்வுத் தாக்கம்

அந்தக் கடிதம் வந்தபோது நரம்பியல் பேராசிரியை ஒரு மனிதரின் மண்டையில் பிளக் செருகிக்கொண்டிருந்தாள்.

கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பகீரென்று இருக்கும். அவளுக்கோ அது வாரத்தில் மூன்று நாள் நடக்கிற வேலை. மண்டையின் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் உலோக வாய். அதற்குக் கீழே, மூளையின் மேல் அரை நகம் அளவு ஒரு சில்லு. 'கையை மூடு' என்று மனிதர் நினைத்தால் சில்லுக்குக் கேட்கும். சக்கர நாற்காலியின் முதுகில் தொங்கும் பைக்குள் இருக்கிற கணினி அதைப் புரிந்துகொண்டு, முன்கையில் சுற்றிய உறை வழியாகத் தசைகளுக்குச் சின்னச் சின்ன மின்துடிப்பு அனுப்பும். விரல்கள் மூடும். கழுத்தில் அறுந்துபோன பாதைக்கு ஒரு மாற்றுப் பாதை, அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' வருவதற்கு அவளுக்குப் பதினொரு வருஷம் பிடித்தது.

நாற்காலியில் இருந்தவர் எலக்ட்ரீஷியன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடங்கின் கூரையில் விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தவர். தோள் அசையும், முழங்கை மடங்கும். மணிக்கட்டுக்குக் கீழே கை இருந்தது, ஆனால் ஆள் குடியில்லாத வீடு மாதிரி இருந்தது. போன வருஷம் அந்த வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. முதலில் டம்ளரைப் பிடித்தார். பிறகு சீப்பு. ஒருநாள் சுண்டுவிரலை நீட்டித் தன் காதைத் தானே குடைந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுசாக இரண்டு நிமிஷம்.

"டாக்டர், சொர்க்கம்னு ஒண்ணு இருக்கு. அது காதுக்குள்ள இருக்கு" என்றார். அவர் மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆராய்ச்சி நிறுவனத்தின் தாக்க அளவீட்டு மையத்திலிருந்து வந்த கடிதத்தைப் பேராசிரியை இரண்டு முறை படித்தாள்.

'தங்கள் ஆய்வுத் தாக்கம் 0.3 என மதிப்பிடப்பட்டுள்ளது. 1.0-க்குக் குறைந்த தாக்கமுள்ள ஆய்வகங்கள் இம்மாத இறுதியில் ஓய்வு நிலைக்கு மாற்றப்படும். வாழ்த்துகள்.'

"என்ன டாக்டர், முகம் ஃபியூஸ் போன மாதிரி ஆயிடுச்சு?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஒண்ணுமில்லண்ணே. ஏதோ கணக்கு தப்பா போட்டிருக்காங்க. போய்ச் சொன்னா சரி பண்ணிடுவாங்க" என்றாள் அவள். அப்போது அவள் அதை உண்மையாகவே நம்பினாள்.

*

தாக்க அளவீட்டு மையம் மூன்றாவது மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் வரை அங்கே ஐந்து ஆய்வகங்கள் இருந்தன. இப்போது பதினான்கு பேர், ஆளுக்கு இரண்டு திரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தார்கள். நடந்தால் காலடிச் சத்தம் கேட்காத அளவுக்குக் கம்பளம் போட்டிருந்தார்கள். பேராசிரியையின் ஆய்வகத்தில் மழை பெய்தால் வாளி வைக்கவேண்டும்.

தாக்க இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"உட்காருங்க மேடம். உங்க ஆய்வைப் பத்தி நாங்க ரொம்பப் பெருமைப்படுறோம். என்ன ஆய்வு பண்றீங்க?"

அவள் சொன்னாள். அவர் கண் இமைக்காமல் கேட்டார்.

"அற்புதம். எத்தனை பேருக்குக் கை வந்திருக்கு?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தர்" என்றார் இயக்குநர். வாயில் கல் அகப்பட்ட மாதிரி அந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தார்.

"மூளைக்குள்ள வைக்கிற சமாச்சாரம் சார். முதல்ல ஒருத்தர். அது ஒழுங்கா நடந்தாத்தான் அடுத்து ரெண்டு பேர், மூணு பேர்…"

"புரியுது மேடம். ஆனா எங்களுக்கு ஒருத்தர்ங்கிறது எண்ணிக்கை இல்லை, சம்பவம். சம்பவத்துக்குத் தாக்கம் கிடையாது. உங்க ஒருத்தரை மொத்த ஜனத்தொகையால வகுத்துப் பாருங்க. எங்க மென்பொருள் ரெண்டு தசமத்துக்கு மேல போகாது. அதனால அவரு பூஜ்யம்."

"அப்ப 0.3 எங்கேருந்து வந்தது?"

இயக்குநர் திரையைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "போன வருஷம் நம்ம நிறுவனக் காலண்டர்ல உங்க போட்டோ வந்துச்சு இல்லையா? பிப்ரவரி மாசம். நிறைய பேர் பார்த்திருக்காங்க. மார்ச் கிடைச்சிருந்தா இன்னும் மூணு நாள் சேர்ந்திருக்கும்."

பேராசிரியை ஏதாவது வழி உண்டா என்று மட்டும் கேட்டாள்.

"நல்ல கேள்வி. பயனாளி ஒப்புகைப் படிவம்னு ஒண்ணு இருக்கு. உங்களால பயன் கிடைச்சதுன்னு அவரே எழுதி, சொந்தக் கையால கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். சிறப்பு நேர்வா பரிசீலிப்போம்."

அன்று மத்தியானம் முழுக்க எலக்ட்ரீஷியன் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினார். பேனா நான்கு முறை உருண்டு ஓடியது. ஐந்தாவது முறை, நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு, நாற்பது நிமிஷத்தில் தன் பெயரை எழுதி முடித்தார். எழுத்துகள் பயணத்தில் களைத்துப்போனவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அவர் மனைவி படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கல்யாணத்தப்பவும் இப்படித்தான் கிறுக்கினார்" என்றாள்.

படிவம் இரண்டு நாளில் திரும்பி வந்தது. 'கையெழுத்திட இயலும் நபர், கை செயலிழந்தோர் வகையில் அடங்கமாட்டார். எனவே பயனாளி அல்ல. வாழ்த்துகள்.'

பேராசிரியை மூன்று மாடியும் படியேறியே போனாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கிற பொறுமை இல்லை.

"சார், அவர் கையெழுத்துப் போட்டதே என் கருவியாலதான்!"

"அப்படியா?" இயக்குநர் படிவத்தை மறுபடி வாங்கி உன்னிப்பாகப் பார்த்தார். "அப்ப இது கருவி போட்ட கையெழுத்து. சொந்தக் கையால போட்டதா ஆகாதே மேடம்."

"சார்…"

"ரெண்டு வழியிலயும் படிவம் செல்லாது. ஆனா ரெண்டு வழியிலயும் உங்க முயற்சியை மதிக்கிறோம்" என்றார் அவர், வாசல் வரை கூடவே வந்து.

*

இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் அந்தத் தம்பதியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மூளையின் பேச்சு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மாறும். கணினிக்கு வாராவாரம் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆய்வகம் பூட்டினால் அந்த வேலை நிற்கும். மூன்று நான்கு வாரத்தில் விரல்கள் தடுமாறும். பிறகு கேட்காது.

"அப்ப கை?" என்றாள் எலக்ட்ரீஷியனின் மனைவி.

"கை இருக்கும் அண்ணி. பேச்சுக் கேட்காது."

எலக்ட்ரீஷியன் கையை மூடினார், திறந்தார். மறுபடி மூடினார். காலி செய்யப்போகிற வீட்டின் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிற மாதிரி இருந்தது அது.

"விடுங்க டாக்டர். அஞ்சு வருஷம் இல்லாம இருந்து பழகினதுதானே" என்றார்.

அவர் மனைவிக்கு அந்தப் பெருந்தன்மை பிடிக்கவில்லை. "யாருங்க அந்தத் தாக்கம்? எந்த ரூம்ல இருக்கார்? நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். பேராசிரியை அவளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காபி இயந்திரத்துக்கு முன்னால் நானூறைப் பார்த்தாள். நானூறு என்பது இரண்டாவது மாடிப் பேராசிரியர். நானூறு கட்டுரை எழுதியவர் என்பதால் அந்தப் பெயர். அவரே அதைப் பெயர்ப்பலகையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று பேச்சு. தாக்கத்தில் நிறுவனத்திலேயே முதலிடம்.

"நீங்க தொழில் தெரியாதவங்க" என்றார் நானூறு, அனுதாபத்தோடு. "ஒரு ஆளுக்கு முழுக் கையையும் கொடுத்துட்டு ஒரே கட்டுரையா எழுதியிருக்கீங்க. நானா இருந்தா விரலுக்கு ஒண்ணு எழுதியிருப்பேன். கட்டைவிரலுக்கு ரெண்டு."

"அப்படி எழுதினா யார் மேற்கோள் காட்டுவாங்க?"

"நான் அவரைக் காட்டுவேன். அவர் இவரைக் காட்டுவார். இவர் என்னைக் காட்டுவார். பதினெட்டு பேர் இருக்கோம். வெள்ளிக்கிழமை கூடுவோம், வேணும்னா வாங்க."

"அதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களா?"

நானூறு காபியை வாயருகே வைத்தபடியே அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு நிஜமாகவே புதிதாக இருந்தது. "படிக்கிறதுக்கும் தாக்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

*

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது இயக்குநரே போன் செய்தார். குரலில் பஞ்சு போய்ப் பட்டாசு வந்திருந்தது. "மேடம், எங்க இருந்தாலும் உடனே வாங்க!"

மூன்றாவது மாடியில் பதினான்கு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுவர்த் திரையில் ஒரு சிவப்புக் கோடு தரையிலிருந்து கூரை வரைக்கும் போயிருந்தது. அதன் உச்சியில் அவள் பெயர், பக்கத்தில் 41.6.

"பழைய வருஷங்களையும் மென்பொருள்ல சேர்த்தோம்" என்றார் இயக்குநர். "இப்படி ஒரு பொக்கிஷத்தை மறைச்சு வெச்சிருக்கீங்களே! பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால எழுதின ஒரே ஒரு கட்டுரை. ரெண்டாயிரத்து முன்னூத்துப் பதினெட்டு மேற்கோள். நானூறு சார் இப்ப ரெண்டாவது இடம். காலையிலேருந்து ரூமை விட்டு வெளியே வரலை."

கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் பேராசிரியை திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அந்தக் கதை இதுதான். அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எலி இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று முடிவெடுக்கும் முன்பே அதன் மூளையில் ஓர் அலை எழுகிறது என்று கண்டுபிடித்தாள். 'முடிவு அலை' என்று பெயர் வைத்தாள். பத்திரிகைகளில் வந்தது. எட்டு மாதம் கழித்து ஒருநாள், அந்த அலை எலி தூங்கும்போதும் வருவதைப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் எலியே இல்லாத கூண்டிலும் வந்தது. பக்கத்து அறையில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் எலிக்குப் பழச்சாறு எடுக்க அதைத் திறப்பார்கள். திறந்து மூடினால் அதன் மோட்டார் ஓடும். அந்த இரைச்சல்தான் கம்பியில் ஏறி வந்திருந்தது. அதை எலியின் முடிவு என்று அவள் உலகத்துக்குச் சொல்லியிருந்தாள்.

தப்பைக் கண்டுபிடித்தது அவளேதான். யாரும் கேட்காமலே கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதும் அவளேதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மாநாடுகளில் அவளைக் கண்டால் சிலர் "ஃப்ரிட்ஜ் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். இன்றைக்கும் நரம்பியல் வகுப்புகளில் முதல் வாரம் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் மேற்கோளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின: இந்தப் பெண்மணி செய்த மாதிரிச் செய்யாதீர்கள்.

"சார், இது தப்புன்னு நானே திரும்ப வாங்கின கட்டுரை."

"நல்ல கேள்வி."

"நான் கேள்வியே கேட்கலை சார்."

"சரியா தப்பாங்கிறதுக்கு எங்க அட்டவணையில கட்டம் கிடையாது மேடம். எத்தனைங்கிறதுக்குத்தான் கட்டம் இருக்கு." இயக்குநர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு யோசனை. வருஷத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா?"

அவர் விளையாடவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

அவளுக்கு 'தாக்கச் சிகரம்' விருது என்று அன்றே முடிவாயிற்று. விருது வாங்கியவரின் ஆய்வகத்தை மூன்று வருஷத்துக்கு யாரும் தொடக் கூடாது என்பது விதி. விருதை மறுத்தால் 41.6-ஐயும் மறுத்ததாக ஆகும். அப்போது பழையபடி பிப்ரவரி மாதம்தான் மிஞ்சும்.

விழாவில் அந்த ஃப்ரிட்ஜையும் காட்சிக்கு வைக்கவேண்டும் என்று நிறுவனத் தலைவர் ஆசைப்பட்டார். அதைத் தேட ஐந்து பேர் கொண்ட உபகுழு போட்டார்கள். அசல் ஃப்ரிட்ஜ் பழைய சாமானோடு போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. அதே நிறத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அசலுக்கு இடது பக்கம் ஒரு நெளிவு இருந்ததாகப் பேராசிரியை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வரலாற்று உண்மையில் சமரசம் கூடாது என்று இரண்டு உபகுழு உறுப்பினர்கள் சுத்தியலோடு வந்து, ஒருவர் அளவுநாடா பிடிக்க மற்றவர் அடிக்க, நெளிவை உண்டாக்கினார்கள்.

*

"என்னால முடியாதுண்ணே" என்றாள் பேராசிரியை. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு செருகாமல் நின்றிருந்தாள். "அது என் வாழ்க்கையிலேயே நான் பண்ணின பெரிய தப்பு. அதுக்குப் போய் மேடையேறிக் கேடயம் வாங்கினா, மறுநாள் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிறது?"

எலக்ட்ரீஷியன் கொஞ்சம் யோசித்தார். "தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"வெளியே சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"நான் விழுந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை டாக்டர். அந்தக் கிடங்குல எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்கு வந்தவங்ககிட்ட ஏணி நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஏழு பேர் சொன்னாங்க. ஒரே ஒரு ஆள் 'ஏணி தப்பு, எங்க தப்பு'ன்னு சொல்லியிருந்தா, அந்த ஆளுக்கு நானே விருது கொடுத்திருப்பேன்." அவர் தலையைச் சாய்த்துப் பிளக்குக்கு வாகாகக் காட்டினார். "மேடையில போய் அதைத் தப்புன்னே சொல்லுங்க. யாரு வேணாம்னாங்க?"

"எனக்காகச் சொல்லலை டாக்டர்" என்று ஆரம்பித்த அவர் மனைவி, பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்காகத்தான் சொல்றேன். போய் வாங்கிடுங்க" என்றாள்.

*

விழா அரங்கு நிறைந்திருந்தது. வந்தவர்களின் எண்ணிக்கையும் தாக்கத்தில் சேரும் என்பதால் கேன்டீனை மூடி எல்லோரையும் அழைத்து வந்திருந்தார்கள். மேடை நடுவில் ஃப்ரிட்ஜ், சிவப்பு ரிப்பன் கட்டி. எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் முன்வரிசை ஓரத்தில் இருந்தார்கள். ஒரு புகைப்படக்காரர் வந்து, "சார், உங்க நாற்காலி ஃப்ரிட்ஜை மறைக்குது, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். தள்ளிக்கொண்டார்கள்.

நிறுவனத் தலைவர் பேசினார்.

"நண்பர்களே! மற்ற நிறுவனங்களில் மனிதர்கள் மட்டும்தான் ஆய்வு செய்கிறார்கள். நம் நிறுவனத்தில் ஃப்ரிட்ஜும் ஆய்வு செய்திருக்கிறது!" கைதட்டல். "நான் பொறுப்பேற்றபோது இங்கே நாற்பது ஆய்வகங்கள் இருந்தன. தாக்க மையம் ஒன்றுகூட இல்லை. இன்று ஆய்வகங்கள் இருபத்தாறு, தாக்க மையங்கள் மூன்று. இதே வேகத்தில் போனால், நான் ஓய்வுபெறும் நாளில் இந்த நிறுவனம் முழுக்க முழுக்கத் தாக்கமாகவே இருக்கும்!" பலத்த கைதட்டல். "அன்றைக்கு ஆராய்ச்சி என்ற இடையூறே நமக்கு இருக்காது!"

பேராசிரியை மைக்கின் முன்னால் வந்தாள். எழுதிவைத்த தாளை மடித்துவிட்டாள்.

"இந்தக் கட்டுரை தப்பு. எலியோட மூளையில எந்த அலையும் எழலை. பக்கத்து ரூம் ஃப்ரிட்ஜோட இரைச்சலை நான் கண்டுபிடிப்புன்னு நம்பிட்டேன். நம்பணும்னு ஆசைப்பட்டதால நம்பினேன். என்னை மேற்கோள் காட்டினவங்க எல்லாரும் நான் தப்புன்னு சொல்றதுக்காகத்தான் காட்டினாங்க. அவங்க சொன்னது சரி."

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன தன்னடக்கம்!" என்று இயக்குநர் மைக்கிலேயே சொன்னார்.

"தன்னடக்கம் இல்லை சார், நடந்தது" என்றாள் பேராசிரியை. கைதட்டல் இன்னும் கூடியது. அவள் குரலை உயர்த்தினாள். "என் வேலை என்னன்னு யாருக்காவது தெரியணும்னா, அதோ அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்காரே, அவர் கையைப் பாருங்க. அவரால இப்ப…"

"நேரம் கருதி" என்று இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். "இப்போது தலைவர் அவர்கள் ஃப்ரிட்ஜை இயக்கிவைப்பார்கள்!"

தலைவர் பொத்தானில் விரலை வைத்து, புகைப்படத்துக்காகப் பல்லைக் காட்டி, அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம். அரங்கு முழுக்க இருட்டு.

ஜன்னலில்லாத அரங்கு அது. பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கோ ஒரு நாற்காலி சரிந்தது. "யாரும் பதறவேண்டாம்" என்று இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "மின்தடை குறித்த புகாரை நம் இணையதளத்தில் பதிவு செய்யலாம். மூன்று வேலை நாட்களுக்குள்…"

"மைக், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல மாட்டியிருக்கான் மடையன்" என்றார் எலக்ட்ரீஷியன், யாரிடமும் என்றில்லாமல். "போர்டு எங்க இருக்கு?"

"மேடைக்குப் பின்னாடிண்ணே. இப்படி வாங்க" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அரங்கைத் துப்புரவு செய்கிற பெண். ஒரு கையில் துடைப்பானும் மறு கையில் போன் வெளிச்சமுமாக நின்றிருந்தாள். எலக்ட்ரீஷியனின் மனைவி நாற்காலியைத் தள்ள, பேராசிரியை மேடையிலிருந்து தடவித் தடவி இறங்கி வந்து சேர்ந்துகொண்டாள்.

போர்டு நல்லவேளையாகத் தாழ்வாக இருந்தது. துப்புரவுப் பெண் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

"முதல்ல ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கு. அந்தக் கருப்பு ஒயர்" என்றார் எலக்ட்ரீஷியன். அவர் மனைவி பிடுங்கினாள். "மூணாவது வரிசையில ஒரு ஸ்விட்ச் கீழே விழுந்திருக்கு பாருங்க, அதுதான்." பேராசிரியை அதைப் போடக் கையை நீட்டினாள்.

"நீங்க விடுங்க டாக்டர்" என்றார் அவர்.

தோளைத் தூக்கி, முழங்கையை மடக்கிக் கையைப் போர்டுக்குக் கொண்டுபோனார். கட்டைவிரலை நீட்ட நினைத்தார். பைக்குள் கணினி மெல்ல முனகியது. விரல் நீண்டது, ஸ்விட்சைத் தொட்டது, வழுக்கியது. இரண்டாவது முறை பக்கத்து ஸ்விட்சில் போய் முட்டியது. நெற்றியில் வியர்வை ஓடியது. மூன்றாவது முறை கட்டைவிரல் ஸ்விட்சின் அடியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு மேலே தள்ளினார்.

'டக்.'

எல்லா விளக்கும் ஒன்றாக வந்தன.

அரங்கில் இடி மாதிரிக் கைதட்டல். தலைவர் இன்னும் பொத்தானில்தான் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "பார்த்தீர்களா!" என்று கூவினார். "இருளிலிருந்து ஒளிக்கு! இதுதான் தாக்கம்!" எதுவும் ஓடாத ஃப்ரிட்ஜைப் பதினேழு கேமராக்கள் படம் பிடித்தன.

மேடைக்குப் பின்னால் எலக்ட்ரீஷியன் கட்டைவிரலை ஸ்விட்சிலிருந்து எடுக்கவில்லை. "ஆறு வருஷமாச்சு இந்தச் சத்தத்தைக் கேட்டு" என்றார். அவர் மனைவி கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைக்க வந்தாள். அவர் மெதுவாக அதை அவளிடமிருந்து வாங்கி, முதலில் அவள் முகத்தைத் துடைத்தார். பாதி மூக்கில் பட்டது, பாதி காற்றில் போனது. அவள் அசையாமல் நின்றாள்.

துப்புரவுப் பெண் போன் வெளிச்சத்தை அணைக்க மறந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஆய்வகத்துக்கு மூன்று வருஷம் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் நிறுவன நுழைவாயிலில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டது. நானூறு அதைப் பற்றி இதுவரை ஆறு கட்டுரை எழுதியிருக்கிறார்.

விழா முடிந்த மூன்றாம் நாள் காலையில் பேராசிரியை ஆய்வகத்தைத் திறக்கும்போது வாசலில் ஆள் இருந்தது. துப்புரவுப் பெண்தான். இரவல் வாங்கின பழைய சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அதில் முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு ஆள், பெரிய மீசையோடு, மடியில் இரண்டு கையையும் யாரோ எடுத்துவைத்த மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் தம்பிங்க. லாரி ஓட்டினான். ஆத்துல குதிச்சுக் குளிக்கும்போது கழுத்துல அடிபட்டுடுச்சு. எல்லா இடத்துலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். எட்டுத் தெரு தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். "அன்னிக்கு நான்தான் லைட் பிடிச்சேன். அந்தண்ணன் ஸ்விட்ச் போட்டதைப் பார்த்தேன். இவன்கிட்டச் சொன்னேன், நம்ப மாட்டேங்கிறான்."

"அக்கா சும்மா சொல்லுது" என்றான் லாரிக்காரன். ஆனால் கண் பேராசிரியையின் முகத்தை விட்டு நகரவில்லை.

பேராசிரியை கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் நடக்கும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு நடக்காமலும் போகலாம். வருஷக்கணக்காகும். சம்மதமா?"

"சொல்லுங்க, என்ன பண்ணணும்?"

அவள் அவன் வலது தோளில் உள்ளங்கையை வைத்தாள். "தூக்குங்க."

அவன் பல்லைக் கடித்தான். மீசை துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அவள் உள்ளங்கைக்கு அடியில் தோள் இரண்டு விரற்கடை ஏறி, நடுங்கி, இறங்கியது.

"இன்னொரு தடவை."

மறுபடி ஏறியது.

"போதும்" என்றாள் பேராசிரியை. "ஆரம்பிக்க இது போதும்." கதவை முழுசாகத் திறந்துவிட்டு, அக்காவிடமிருந்து நாற்காலியை வாங்கித் தானே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.